ஸ்பினாவின் கடைசிப் பிரபு

உட்காருங்க சாமி. அந்த முக்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்த ஆட்டுத்தோல்ல உட்காருங்க. நீங்க எதுக்கு ஏறி வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். எங்க மாதா கோயிலுக்குப் பாதிரியா வந்து ரெண்டு மாசம் முழுசா ஆகல, அதுக்குள்ள உங்க காதுல போட்டிருப்பாங்க. "மேட்டுல ஆடு மேய்ச்சுக்கிட்டு லெஷ்னு ஒரு கிழவன் இருக்கான், அவன் அழுததாலதான் ஸ்பினாக் கோட்டை விழுந்துச்சு, அவனாலதான் நாம கடல் தாண்டி இந்த இத்தாலிக் கரையில வந்து கிடக்கிறோம்." இதானே? தலையை ஆட்டாதீங்க. சொல்லியிருப்பாங்க. இங்க பிறந்த பொடிசுங்க கூட அதைச் சொல்லித்தான் விளையாடுதுங்க. எங்க அல்பேனிய மலையைக் கண்ணால பார்க்காத பொடிசுங்க.

இருங்க, நீங்க அப்புறம் பேசலாம். முதல்ல நான் பேசிடுறேன். இருபத்திரண்டு வருஷமா ஒருத்தனும் என்னை வந்து கேக்கல. கேக்காமலே தீர்ப்புச் சொல்லிட்டாங்க. நீங்களாவது கேளுங்க. கேட்டு முடிச்சுட்டு, லெஷ் செஞ்சது தப்புன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க பார்ப்போம்.

ஸ்பினான்னா ஏதோ ஆட்டுக்கொட்டகைன்னு நினைச்சுக்காதீங்க. நாங்க ஆரம்பிச்சது சின்னதாத்தான், அதை நான் மறைக்கல. எங்க பிரபுவோட தாத்தா பெலுஷா, உப்புக் கழுதைங்களுக்குக் காவல் போனவரு. கடற்கரையிலேருந்து மலைக்கு உப்பு ஏறும். வழியில கொள்ளைக்காரங்க இருந்தாங்க. பெலுஷா அவங்களை அடிச்சு விரட்டினாரு. அப்புறம் அவங்க எடுத்துக்கிட்டிருந்ததை இவரு எடுத்துக்கிட்டாரு. சிரிக்காதீங்க சாமி. உங்க இத்தாலி ராஜாக்கள் வீட்டுல போய்க் கேட்டுப் பாருங்க, அங்கேயும் தாத்தன் கதை இப்படித்தான் இருக்கும்.

அவரு மகன் ஒரு கிரேக்க அதிகாரியோட பொண்ணைக் கட்டினாரு. அந்த அதிகாரிக்குச் சோத்துக்கே வழி இல்ல, ஆனா வீட்டுல ரெண்டு தலைக் கழுகு போட்ட முத்திரை ஒண்ணு இருந்துச்சு. சீதனமா அதைத்தான் கொடுத்தாரு. அந்த முத்திரை வந்த அன்னைக்கே இவரு பிரபு ஆயிட்டாரு. அப்புறம் வெனிஸ்காரன் வருஷா வருஷம் ஒரு சிவப்புக் கம்பளித் துணி அனுப்ப ஆரம்பிச்சான். நம்மளை மதிக்கிறான்னு அர்த்தம். பக்கத்துப் பிரபுக்களுக்கு அவன் நீலத்துணிதான் அனுப்புவான்.

மூணாவது தலைமுறை எங்க ஆந்த்ரே. அவன் காலத்துல அஞ்சு கோட்டை. குதிரையில மூணு நாள் போனாலும் கால் வைக்கிறது எங்க மண்ணாத்தான் இருக்கும். அவன் இவன்னு சொல்றேன்னு பார்க்குறீங்களா? சபையில நானும் பிரபுன்னுதான் கூப்பிடுவேன். ஆனா அவனும் நானும் ஒரே மார்புல பால் குடிச்சவங்க. அவனைப் பெத்த அம்மாவுக்குப் பால் இல்ல, எங்க அம்மாதான் கொடுத்தா. எங்க நாட்டுல அது கூடப்பிறந்ததை விட ஒரு படி மேல. அவன் பொண்ணை நான் கட்ட முடியாது, என் பொண்ணை அவன் கட்ட முடியாது. அவன் செத்தா முதல் குரல் என்னுது. நான் செத்தா முதல் குரல் அவனுது. இது நாங்க பேசி வச்சுக்கிட்டது இல்ல, எங்க மலையில எல்லாருக்கும் உள்ள வழக்கம்.

அந்த முதல் குரல்னா என்னன்னு சொல்லிடுறேன். உங்க அம்மா எங்க பக்கத்துக்காரங்க போல, பாஷை நல்லாத்தான் பேசுறீங்க, ஆனா இதைப் பார்த்திருக்க மாட்டீங்க. இங்க வந்து எல்லாரும் மறந்துட்டாங்க. எங்க நாட்டுல ஒரு ஆம்பளை செத்தா ஆம்பளைங்கதான் அழுவாங்க. மூக்கைச் சிந்துற அழுகை இல்ல சாமி. வரிசையா நிப்போம். நெருங்கினவன் ஒருத்தன் குரல் எடுப்பான், "உன்னை இழந்து நான் கெட்டேன், என் சகோதரா"ன்னு. ரெண்டு கையாலயும் மாரடிச்சு, முகத்தைப் பிறாண்டி, ரத்தம் வர வரைக்கும். அவன் குரல் எட்டுற தூரத்துல இருக்கிற ஆம்பளை ஒவ்வொருத்தனும் சேர்ந்துக்கணும். உழுதுக்கிட்டிருந்தா ஏரை விட்டுட்டுச் சேரணும். பகையாளியா இருந்தாலும் சேரணும். அழுகை முடிஞ்ச அப்புறம் வேணும்னா பழையபடி வெட்டிக்கலாம். பொம்பளை செத்தா பொம்பளைங்க பாட்டுப் பாடி அழுவாங்க, அது வேற. ஆம்பளை அழுகை ஆம்பளைக்கு மட்டும்தான். அந்த அழுகை இல்லாம மண்ணுக்குள்ள போனவனை நாய் செத்த மாதிரின்னுதான் சொல்லுவோம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

வசந்தத்துல துருக்கி சுல்தானோட படைத்தளபதி பாஷா வந்து ஸ்பினாவைச் சுத்தி உட்கார்ந்துட்டான். மத்த நாலு கோட்டையும் ஏற்கெனவே போயிருந்துச்சு. அஞ்சு மாசம் தாங்கினோம். துருக்கன் படையைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கணும் நீங்க. அவன் குதிரைக்காரங்க எல்லாருமே நிலம் வச்சிருக்கிறவங்க. புனித ஜார்ஜ் திருநாளுக்குக் கிளம்பி வருவாங்க, புனித திமித்ரி திருநாள் ஆனா வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க. சுல்தானே கெஞ்சினாலும் அதுக்கு மேல நிக்க மாட்டாங்க, பனி வந்துடும். ஆக நாங்க செய்ய வேண்டியது திமித்ரி நாள் வரைக்கும் மூச்சு விட்டுக்கிட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆத்துக்கு அந்தப் பக்கம் பாதிக் கூடாரத்தைப் பிரிச்சே வச்சிருந்தாங்க. மதில்லேருந்து பார்த்தா தெரியும்.

தினம் காலையில ஆந்த்ரே அந்தச் சிவப்புத் துணியில தைச்ச அங்கியைப் போட்டுக்கிட்டு, தலைக்கவசம் மாட்டிக்கிட்டு மதில் மேல ஒரு சுத்து நடப்பான். ரெண்டடி பின்னால நான் நடப்பேன். எங்க ஆளுங்க பார்க்கணும், அவனுங்களும் பார்க்கணும். பீரங்கிக் குண்டு பட்டுத் தெறிச்ச கல்லு ஒண்ணு அவன் தொடையில பாய்ஞ்சுச்சு. பெருசா ஒண்ணும் இல்லன்னான். பத்து நாள்ல கால் கறுத்துப் போச்சு. திமித்ரி திருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, விடியற நேரத்துல, என் மடியில தலையை வச்சுக்கிட்டே போயிட்டான்.

அறையில மூணே பேரு. அவன், நான், அவன் சம்சாரம் யெலா. அவங்களைப் பத்தித்தான் சாமி ஊரே உருகுது. கோயில்ல முன்வரிசையில கறுப்புத் துணி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்களே, அதே அம்மாதான். அன்னைக்கு அவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? புருஷன் கண்ணை மூடி ஒரு நாழிகை ஆகல. நான் குரல் எடுக்க வாயைத் திறக்கிறேன். என் வாயைக் கையால பொத்திட்டாங்க. பொத்திட்டு, "லெஷ், ஒன்பது நாள். ஒன்பது நாளைக்கு இவரு சாகல"ங்கிறாங்க.

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். இல்ல.

கீழ நிலவறையில உப்பு மூட்டை அடுக்கியிருந்துச்சு. ரெண்டு பேருமா தூக்கிட்டுப் போய் அவனை உப்புல வச்சு மூடினோம். மீனை வைக்கிற மாதிரி. அஞ்சு கோட்டைக்குப் பிரபு. அப்புறம் அந்தம்மா அவன் அங்கியை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டாங்க. கவசத்தை மாட்டிக்கிட்டாங்க. நல்ல உயரம் அவங்க, கூட்டத்துல ஆம்பளைங்களுக்கு மேல ஒரு தலை தெரியும். "வா லெஷ், நேரமாச்சு"ன்னாங்க. மதில் மேல நடந்தாங்க. நான் ரெண்டடி பின்னால. சத்தியமாச் சொல்றேன், எனக்கே ஒரு நிமிஷம் அவன்தானோன்னு தோணிச்சு. தொடையில அடிபட்ட அப்புறம் அவன் ஒரு காலை லேசா இழுத்து நடப்பான், அதைக் கூட விடல. எங்க ஆளுங்க கையைத் தூக்கினாங்க. எதிர்ப்பக்கம் ஒருத்தன் வழக்கம் போல கெட்ட வார்த்தை சொன்னான்.

மூணு நாள் நடந்தாங்க. குண்டு விழுந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, அது ஒண்ணும் நிக்கல. இதெல்லாம் தைரியம்னு ஊர்ல சொல்றாங்க. எனக்கு என்னமோ நெஞ்சுல ஈரம் இல்லாதவங்களுக்குப் பயமும் இருக்காதுன்னு தோணுது. இன்னொண்ணு சொல்றேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க. சமையல்கட்டுலேருந்து பிரபுவுக்குன்னு ஆட்டுக்கறி வரும். தட்டு நிறைய வரும், காலியாத் திரும்பிப் போகணும், இல்லன்னா சந்தேகம் வரும்னு அந்தம்மாவே உட்கார்ந்து தின்னாங்க. முழுத் தட்டும். புருஷன் கீழ உப்புல கிடக்கிறான், மேல இவங்க எலும்பை வழிச்சுத் தின்னாங்க. தின்னுட்டு மூலைக்குப் போய்க் குடல் வர்ற மாதிரி வாந்தி எடுத்தாங்க. எடுத்துட்டு வந்து மிச்சத்தையும் தின்னாங்க. இப்படி ஒரு பொம்பளையை நான் பார்த்ததில்ல.

எனக்கு என்ன ஆச்சுன்னா, தூக்கம் போச்சு. தண்ணி இறங்கல. குரல் உள்ள மாட்டிக்கிட்டா அப்படித்தான் ஆகும். மூணாம் நாள் மத்தியானம் நிலவறைக்கு இறங்கிப் போனேன். அவனைப் பார்த்துட்டு வரலாம்னுதான் போனேன், வேற எதுக்கும் இல்ல. உப்பை ஒதுக்கி முகத்தைப் பார்த்தேன். உதட்டுல உப்பு ஒட்டியிருந்துச்சு. அதைத் துடைச்சு விட்டேன். அப்புறம் எனக்குத் தெரியாது. மெதுவாத்தான் ஆரம்பிச்சேன். அவனுக்கு மட்டும் கேக்கிற மாதிரிதான் ஆரம்பிச்சேன்.

சாமி, அந்த அழுகையை மெதுவா அழ முடியாது. முடியும்னு சொல்றவன் அதை அழுததில்ல.

நிலவறை வாசல்ல காவல் நின்னவனுக்குக் கேட்டுச்சு. அவன் ஈட்டியைக் கீழ வச்சுட்டு மாரடிக்க ஆரம்பிச்சான். யாருக்குன்னு கூட அவனுக்குத் தெரியாது. தெரியணும்னு அவசியமும் இல்ல. அப்புறம் முற்றத்துல இருந்தவங்க. அப்புறம் மதில் மேல இருந்தவங்க. நான் மேல ஏறி வந்து பார்த்தா நானூறு பேரு வரிசையா நிக்கிறாங்க, நானூறு பேரு முகத்துலயும் ரத்தம். கல்லுச் சுவரே அதிர்ந்துச்சு. நான் முன்னால நின்னேன். என் சகோதரனுக்கு நான் முதல் குரல் கொடுத்தேன். அந்த நிமிஷம் எனக்கு இருந்த நிம்மதி இந்த ஜென்மத்துல வேற எப்பவும் இருந்ததில்ல.

இதுக்கப்புறம் நடந்ததைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. பாஷாவோட படையில எங்க ஆளுங்களும் இருந்தாங்க. மலைக்காரப் பசங்க, துருக்கன் பக்கம் போய்ச் சேர்ந்தவங்க, ஆயிரம் பேராவது இருக்கும். அவங்க காதுல இந்தக் குரல் விழுந்துச்சு. விழுந்ததும் அவங்களும் ஆத்தங்கரையில வரிசை கட்டி நின்னுட்டாங்க. தலைப்பாகையைக் கழட்டி எறிஞ்சுட்டு மாரடிச்சு அழறாங்க. இங்க நாங்க, அங்க அவங்க, நடுவுல ஆறு. அஞ்சு மாசமா ஒருத்தன் மேல ஒருத்தன் குண்டு போட்டவங்க. சொல்லுங்க சாமி, எந்த ராஜாவுக்கு இந்த மாதிரி சாவு கிடைச்சிருக்கு? உங்க போப்பாண்டவருக்குக் கிடைக்குமா? எதிரிப் படையே எழுந்து நின்னு அழுத சாவு என் ஆந்த்ரேயோடது. அதைக் கொடுத்தது நான்.

ஆமா, பாஷா அவங்களைக் கேட்டான், எதுக்குடா அழறீங்கன்னு. அவங்க சொன்னாங்க. பொய் சொல்லச் சொல்றீங்களா? அழுகையில நின்னவன் பொய் சொல்லக் கூடாது. பிரிச்ச கூடாரத்தைத் திரும்பக் கட்ட ஆரம்பிச்சாங்க. இன்னும் பத்து நாள் நிக்கிறவனுக்கு இவ்வளவு நிலம்னு பாஷா தண்டோரா போட்டானாம்.

அந்தம்மா முற்றத்துக்கு வந்தாங்க. தோள்ல அங்கி, தலையில கவசம் இல்ல. எல்லாரும் பார்த்தாங்க. மூணு நாளா மதில் மேல நடந்தது யாருன்னு அப்பத்தான் எல்லாருக்கும் புரிஞ்சுச்சு. என் முன்னாடி வந்து நின்னாங்க. அடிச்சிருக்கலாம், கத்தியிருக்கலாம், நான் தயாராத்தான் இருந்தேன். "ஆறு நாள்தான் இருந்துச்சு லெஷ்"ன்னாங்க. அவ்வளவுதான். அதுதான் அவங்க என்கிட்ட பேசின கடைசிப் பேச்சு. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு.

டெடான்னு ஒரு மலைக்குலத் தலைவன் நூத்தம்பது பேரோட எங்ககூட இருந்தான். வந்தான், ஆந்த்ரேயோட நெத்தியில முத்தம் கொடுத்தான், ஏழு தடவை மாரடிச்சான், தன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் பின்பக்க ஓடை வழியா இறங்கிப் போயிட்டான். அவன் வாக்குக் கொடுத்தது ஆந்த்ரேவுக்கு. ஆந்த்ரே போனதும் வாக்கு முடிஞ்சுச்சு. எங்க வழக்கம் அது, அவனை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அந்தம்மாவும் சொல்லல. மிச்சம் இருந்தவங்களை மதில்ல பிரிச்சு நிறுத்தினாங்க. அங்கியைக் கழட்டவே இல்ல. நாலு நாள் தாங்கினோம்.

நாலாம் நாள் வடக்கு மதில் விழுந்துச்சு. திமித்ரி நாளுக்கு ரெண்டு நாள் இருந்தது. ரெண்டே நாள்னு ஊர்ல இன்னமும் விரலை மடக்கிக் காட்டுறாங்க. மடக்கட்டும். இந்த வருஷம் தப்பிச்சிருந்தா அடுத்த வருஷம் வந்திருக்க மாட்டானா துருக்கன்? பக்கத்து நாடு எது மிஞ்சிச்சு? எல்லாம் ஒவ்வொண்ணாப் போச்சு. அவங்க பிரபுக்கள் எல்லாம் எப்படிச் செத்தாங்கன்னு யாருக்காவது தெரியுமா?

என் பெண்டாட்டியும் ரெண்டு பசங்களும் வடக்கு மதிலுக்குக் கீழதான் இருந்தாங்க. மூத்தவனுக்குப் பன்னெண்டு. அதை விடுங்க. என்ன? அவங்களுக்கு அழுதேனான்னா கேக்குறீங்க? நேரம் எங்க இருந்துச்சு சாமி. என்னைத் தலையில அடிச்சுப் போட்டுட்டாங்க, கண் முழிச்சப்ப கைக்கட்டோட கடற்கரையில கிடந்தேன். அப்புறம் யாரும் பக்கத்துல இல்ல. தனியாளா அழுதா அது அழுகைக் கணக்குல வராது. வரிசையில நிக்க ஆம்பளைங்க வேணும்.

அந்தம்மா கழுத்துல இருந்த தங்கச் சங்கிலியைக் கொடுத்து ஆறு பேரை மீட்டுப் படகுல ஏத்தினாங்களாம், அதுல நானும் ஒருத்தனாம். ஊர்ல அப்படி ஒரு பேச்சு இருக்கு. யாரு கேட்டா அவங்களை? நான் கேட்டேனா? மீட்டவங்க படகுல ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே. நான் பின்னால உட்கார்ந்திருந்தேன். அவங்க முன்னால உட்கார்ந்து தண்ணியையே பார்த்துக்கிட்டு வந்தாங்க.

இங்க வந்த முதல் ஞாயித்துக்கிழமை, கோயில் முடிஞ்சு எல்லாரும் வெளிய நிக்கிறாங்க. நான் போய் நின்னேன். ஒவ்வொருத்தனா நகர்ந்துட்டான். சரின்னு இந்த மேட்டுக்கு வந்துட்டேன். நான் செத்தா ஒருத்தனும் குரல் எடுக்க மாட்டான், அது எனக்கு நல்லாத் தெரியும். மணியை ரெண்டு தட்டுத் தட்டிட்டுக் கஞ்சி குடிக்கப் போயிடுவாங்க. போகட்டும். நான் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாச்சு. நாளைக்கே ஆந்த்ரே அதே மாதிரி கிடந்தாலும் நான் அதேதான் செய்வேன். அதை அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லிடுங்க. என்னை மன்னிப்புக் கேக்க வைக்கத்தானே உங்களை அனுப்பியிருக்காங்க? ஒவ்வொரு புதுச் சாமியும் வந்ததும் அதைத்தான் முயற்சி பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும்.

சரி, முடிச்சுட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க.

என்ன, சிலுவை போட்டுக்கிறீங்க?

என்னது? அந்தம்மா போயிட்டாங்களா?

எப்ப?

நேத்து மத்தியானமா. நான் ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தேன் அப்ப. மணி அடிக்கலையே சாமி. அடிச்சிருந்தா இங்க கேட்டிருக்கும். காத்து கூட அந்தப் பக்கத்துலேருந்துதான் அடிச்சுச்சு. அடிக்க வேண்டாம்னு அவங்களே சொன்னாங்களா? அவங்க சொல்லக் கூடியவங்கதான்.

வேற என்ன சொன்னாங்க? மறைக்காதீங்க, நீங்க மறைக்கிறது முகத்துல தெரியுது. சொல்லுங்க, நான் எவ்வளவோ கேட்டவன்.

"லெஷ்கிட்ட சொல்லிடுங்க, எனக்காக வாயைத் திறக்க வேண்டாம்னு."

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்களா. நானும் உங்களைப் பேச விடாம வளவளன்னு பேசிக்கிட்டு இருந்திருக்கேன்.

லெஷ்னே சொன்னாங்களா? அந்தக் கிழவன்னோ, மேட்டு மேல இருக்கிறவன்னோ இல்லாம, பேரைச் சொன்னாங்களா?

கொஞ்சம் இருங்க. ஒண்ணும் இல்ல. அடுப்புப் புகை கண்ணுல ஏறுது.

இப்ப அவங்ககூட யாரு இருக்கா? நாலு கிழவிங்களா. அவங்க மெதுவாப் பாடி முடிச்சுடுவாங்க. ஆம்பளைங்க எல்லாம் தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நிப்பானுங்க, பேச்சுக்குத் துக்கம்.

எழுந்திரிங்க சாமி. அந்தக் கோலை எடுங்க. ஆடுங்க அதுங்க பாட்டுக்கு நிக்கும், அதுங்களுக்கு வழி தெரியும்.

பொம்பளைக்கு ஆம்பளை அழற வழக்கம் இல்லன்னு நானே இப்பத்தான் சொன்னேன், மறக்கல. வழக்கத்தை எனக்கு நீங்க எடுத்துச் சொல்ல வேண்டாம். வழக்கம் என்ன சொல்லுது? பிரபு செத்தா ஆம்பளைங்க நின்னு அழணும்னு சொல்லுது. ஆந்த்ரே போனதுக்கப்புறம் ஸ்பினாவுக்கு ஏழு நாள் ஒரு பிரபு இருந்தாரு. அங்கியைப் போட்டுக்கிட்டு மதில் மேல நடந்தாரு, நான் ரெண்டடி பின்னால நடந்தேன், நானூறு பேரு கையைத் தூக்கினாங்க, எனக்குத் தெரியாதா? அந்தப் பிரபுவுக்கு இன்னும் ஒருத்தனும் மாரடிக்கல. வாசல்ல நிக்கிறவனுங்க நகர்ந்து போறானுங்களா, சேர்ந்துக்கிறானுங்களான்னு இன்னைக்குப் பார்த்துடுறேன். குரல் காதுல விழுந்தா சேர்ந்துதான் ஆகணும், அவனுங்க ரத்தத்துல அது இன்னும் கொஞ்சமாவது இருக்கும். வரிசை நின்னுச்சுன்னா, வடக்கு மதிலுக்குக் கீழ கிடக்கிறவங்களுக்கும் சேர்த்து அழுதுக்கிறேன்.

கையைக் கொடுங்க, இறக்கத்துல எனக்கு முழங்கால் நிக்காது. அந்தம்மா வேண்டாம்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும் சாமி. நான் என்னைக்கு அவங்க பேச்சைக் கேட்டேன்.